கூட்டுச் சொத்து: பாகம் வைப்பதா, விற்பதா?

எல்லாருக்கும் வணக்கம். தக்கலை பக்கம் எங்க அப்பா பேரில் 32 சென்ட் விளை (தோப்பு நிலம்), நடுவில் பழைய ஓட்டு வீடு. அப்பா உயில் எழுதாமலே போயிட்டாங்க. அம்மா, அக்கா, நான், தம்பி, ஆளுக்கு கால் பங்கு. இப்போ கூட்டுப் பட்டா. நானும் அக்காவும் விற்கலாம்னு சொல்றோம். வளைகுடாவில் இருக்கிற தம்பி விற்கவும் மாட்டான், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்தும் போட மாட்டான். நாங்க எங்க பங்கை அவனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுக்கணுமாம், அதுவும் சும்மா! அம்மா ரெண்டு பக்கமும் பேசமாட்டாங்க.

நாலா அளந்தா பின்பக்கத் துண்டுக்கு வழியே கிடையாது. முன்னால் இருப்பதே ஒரு ஆட்டோ போகிற பாதைதான், அதிலும் பாதியைத் தென்னை மரம் பிடிச்சிருக்கு.

பிரிக்க முடியாத சொத்தை, பாதிப் பங்காவது கையில் இருக்கிறவங்க கேட்டா கோர்ட்டே விற்கச் சொல்லலாம்னு 1893 பாகப்பிரிவினைச் சட்டத்தில் இருக்கு. ஆனா தம்பி எங்க பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கவும் அதிலேயே இடமுண்டு. அவன் வாங்கினாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

பத்மநாபபுரம் கோர்ட்டில் பாக வழக்கு நடத்தினவங்க யாராவது இருக்கீங்களா? எத்தனை வருஷம் இழுத்தது? லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) பேசி முடிச்சவங்க இருந்தாலும் சொல்லுங்க. குடியிருப்பு வீட்டில் என் பங்கை மட்டும் வெளியாளுக்கு எழுதினா, வாங்கினவர் உள்ளே வந்து இருக்க முடியாதுன்னு ஒரு வக்கீல் சொன்னார். அப்படி வாங்க யாரு வருவா?