கோடையில் கரண்ட் போனால்: ஐஸுக்கு முன்னால் காற்று

மீன் தொட்டித் தண்ணீர் சுடுகிறதே என்று முதலில் ஐஸைத் தேடி ஓடாதீர்கள். வெப்பமண்டல மீன்களில் பெரும்பாலானவை 31, 32 டிகிரியைச் சில மணி நேரம் தாங்கிவிடும். மூச்சு முட்டினால்தான் போய்விடும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3தான் பிடிக்கும். சூடு ஏறினால் மீனின் தேவையோ கூடும். கோல்டுஃபிஷ் முதலில் திணறும். பெட்டா, கௌராமி மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும்.

மூடியைத் திறந்து, மீன் துள்ளி வெளியே விழாதபடி மேலே வலை விரியுங்கள். தீனி வேண்டாம், ஃபில்டர் ஓடாத தொட்டியில் அது அம்மோனியாவாகத்தான் மாறும். ஏர் பம்ப் இல்லையென்றால், தொட்டித் தண்ணீரை மக்கில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள், கால் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம். மேல்மட்டம் கலங்க வேண்டும், அவ்வளவுதான்.

——

பவர் பேங்க் பற்றி ஒன்று. 1 வாட் யூஎஸ்பி ஏர் பம்ப், நல்ல நிலையிலுள்ள 10,000 எம்ஏஹெச் பேங்கில் ஒரு நாள் ஓடும். ஆனால் இழுக்கும் கரண்ட் குறைவு என்று சில பேங்குகள் தானாக அணைந்துவிடும். பகலிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் செக் வால்வ் (தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் சிறு அடைப்பான்) கட்டாயம். இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கித் தரைக்கு வரும்.

——

ஐஸ் போடுவதானால் கட்டியாக வேண்டாம், பாட்டிலாக மிதக்க விடுங்கள். தண்ணீர் உறைந்தால் விரியும், அதனால் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பினால் போதும். 100 லிட்டர் தொட்டியில் 1 லிட்டர் ஐஸ் பாட்டில் முழுதும் உருகினால் ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். சின்னத் தொட்டியில் ஒரே பாட்டில் நாலைந்து டிகிரி இறக்கிவிடும், ஆபத்து அங்கேதான்.

——

கேனிஸ்டர் ஃபில்டரை, அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டரை, மறந்துவிடாதீர்கள். மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால், கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியா சில மணி நேரத்தில் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓட்டினால் அந்த அழுகல் மொத்தமும் தொட்டிக்குள் வரும். கரண்ட் போனதுமே பிளக்கைப் பிடுங்குங்கள். நீண்ட நேரம் நின்றிருந்தால் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, மீடியாவை (பாக்டீரியா குடியிருக்கும் ஸ்பாஞ்ச் போன்றவற்றை) தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே ஓட்டுங்கள். முட்டை அழுகிய வாடை அடித்தால் கால்வாசித் தண்ணீரும் மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீராக.