வெள்ளத்துக்குப் பிந்தைய 1:10 000 வரைபடம் தேவை

அனைவருக்கும் வணக்கம். கிரேடு 11 புவியியல் படிக்கும் என் மகள், மண் அரிப்பும் நீடித்த வாழ்வும் பற்றிய ஆய்வுப் பணிக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டின் பின்புறச் சரிவை எடுத்திருக்கிறாள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சரிந்த அந்த மேட்டில் வெட்டிவேர் நட்டிருக்கிறோம், பழைய வேலியின் கம்பிகள் இன்னும் அந்தரத்தில் தொங்குகின்றன. பள்ளி தந்த 1:50 000 வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருப்பதால், ஏறத்தாழ 8 மீட்டர் உயரமுள்ள மேடு இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமற்போகிறது. கூகுள் எர்த்தில் மரங்கள் மறைக்கின்றன. நூலகத்தில் கிடைத்த 1:10 000 ஆர்த்தோபோட்டோ (வான்வழிப் படத்தின் மேல் கோடுகள் வரைந்த) வரைபடத்தில் 5 மீட்டர் கோடுகள் தெளிவாக இருந்தும், அது வெள்ளத்துக்கு முந்தையது. சரிவின் கோணத்தை அளக்கும் கைப்பேசிச் செயலி ஒவ்வொரு முறையும் வேறு கோணம் காட்டுகிறது. அதை ஆசிரியர் ஏற்பாரா என்பது தனிக்கதை. இம்மாத இறுதிக்குள் பணியை ஒப்படைக்க வேண்டும். எங்கள் பகுதிக்கு 2022-க்குப் பிந்தைய 1:10 000 வரைபடம் டர்பனில் எங்கே கிடைக்கும்?