சுவிட்சை அணைத்தாலும் டவுன்லைட் மங்கலாக எரிகிறது: வயரிங்கில் தவறு செய்துவிட்டேனா?

கேள்வி:
வணக்கம். ஃபால்ஸ் சீலிங்கில் 6 டவுன்லைட்டுகளை நானே மாட்டியிருக்கிறேன். எல்லாம் 12 வாட் எல்இடி, ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் (மெயின் கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி). இதற்கு முன் பிளக் மாற்றியதைத் தவிர வேறு மின்வேலை செய்ததில்லை. சுவிட்ச் பாக்ஸிலிருந்து மூன்று வயர் இழுத்து, லைட்டுக்கு லைட் லூப் எடுத்தேன். போட்டால் ஆறும் எரிகின்றன. ஆனால் இரவில் அணைத்துவிட்டுப் படுத்தால் இரண்டு லைட்டில் மங்கலான வெளிச்சம் அப்படியே இருக்கிறது. இன்னொன்று சில நொடிக்கு ஒருமுறை மினுக்கென்று மின்னுகிறது. கடைசி லைட்டோ, எரியும்போதே அவ்வப்போது துடிக்கிறது. லைட் மட்டமா, என் வேலை மட்டமா?

பதில் 1:
சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா? அதன் வழியே கசியும் கரண்டே எல்இடியை லேசாக எரிய வைக்கும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
இல்லை, சாதா சுவிட்ச்தான்.

பதில் 2:
தம்பி, நான் எலக்ட்ரீஷியன். லைட்டை மாற்றுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். சுவிட்ச் வழியாக எந்த வயரை விட்டீர்கள், ஃபேஸா (கரண்ட் வரும் வயர்), நியூட்ரலா (கரண்ட் திரும்பிப் போகும் வயர்)?

கேட்டவர்:
அதைக் கவனிக்கவில்லை அண்ணா. எந்த வயரைத் துண்டித்தாலும் லைட் அணையும்தானே?

பதில் 2:
அணையும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. நியூட்ரலைத் துண்டித்தால் லைட் அணைந்துவிடும், ஆனால் டிரைவர் வரைக்கும் ஃபேஸ் வந்து நிற்கும். சீலிங்குக்குள் ஓடும் வயருக்கும் எர்த்துக்கும் இடையே மிகச் சிறிய கரண்ட் எப்போதும் கசியும். பழைய குண்டு பல்புக்கு அது உறைக்காது, எல்இடிக்கு உறைக்கும். மங்கலாக எரிவது அதனால்தான். டிரைவருக்குள் இருக்கும் கெபாசிட்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏறி ஒரேயடியாகக் காலியாவதுதான் நீங்கள் பார்த்த மினுக்கல்.

நான் வேலை பழகிய காலத்தில், சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பி ஒரு ஹோல்டரில் கை வைத்தேன். நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருந்த இடம் அது. ஏணியிலிருந்து விழுந்தேன், முழங்கை இன்றும் முழுதாக நீளாது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. லைட்டின் எம்சிபியை (அந்த சர்க்யூட்டில் கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே அணையுங்கள். ஒரே சுவிட்ச் பாக்ஸுக்குள் வேறு சர்க்யூட்டின் வயரும் இருக்கலாம். வீட்டில் யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி மெயின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அப்புறம் மல்டிமீட்டரால் (வோல்டேஜ் அளக்கும் கருவி) அளக்க வேண்டும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மட்டும் நம்ப வேண்டாம், கரண்ட் இருக்கும்போதே அது சில சமயம் எரியாது. மெயினை அணைப்பதற்கு முன் கரண்ட் இருக்கும் ஒரு பிளக் பாயிண்டில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அணைத்த பிறகு பாக்ஸில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளந்து பாருங்கள். மூன்றும் பூஜ்யம் வந்தாலும் உடனே வயரைத் தொடாதீர்கள். கரண்ட் இருப்பது உறுதியான வேறொரு இடத்தில் மீட்டரை மறுபடி சோதித்து, அது சரியாகக் காட்டினால் மட்டும் தொடுங்கள். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் அதுவும் பூஜ்யம்தான் காட்டும்.

வயர் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கருப்பு ஒரு நாட்டில் நியூட்ரல், இன்னொரு நாட்டில் அதுவே ஃபேஸ். முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கவும் கூடும். சுவிட்சில் நுழையும் வயர் எந்தக் கொத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன் அண்ணா. நீங்கள் சொன்னதேதான். சுவிட்சுக்குப் போகும் வயர் நியூட்ரல் கொத்திலிருந்து வருகிறது. ஃபேஸை நேராக லைட் வயரோடு சேர்த்திருக்கிறேன். போன வாரம் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஒரு டிரைவரைக் கழற்றி மாட்டினேன். நினைத்தாலே கை நடுங்குகிறது.

பதில் 3:
வயர்களை எப்படி இணைத்திருக்கிறீர்கள்? முறுக்கி டேப் சுற்றியா?

கேட்டவர்:
ஆமாம். நான்கு இடத்தில் டேப். கடைசி லைட்டில் மட்டும் ஸ்க்ரூ கனெக்டர்.

பதில் 3:
டேப் போட்ட நான்கையும் பிரித்துவிடுங்கள். சீலிங் சூட்டில் பசை இளகி டேப் கழன்றுவிடும். ஒவ்வொரு இணைப்பும் கனெக்டரில், அந்தக் கனெக்டர் மூடிய பெட்டிக்குள், பெட்டி லைட்டைக் கழற்றினால் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எர்த் வயரையும் வெறுமனே மடித்து விடாமல் லூப்பாகக் கடைசி லைட் வரை கொண்டுபோங்கள். லைட்டுகளின் சுமையைப் பொறுத்தவரை வயரின் தடிமன் பற்றிக் கவலை வேண்டாம்: 6 லைட்டும் சேர்ந்து 72 வாட், 230 வோல்ட்டில் சுமார் 0.3 ஆம்பியர். ஆனால் அந்த எம்சிபிக்கு ஏற்ற தடிமன் வயருக்குக் கட்டாயம் வேண்டும்.

துடிக்கும் லைட்டின் கனெக்டரைத் திறந்து பாருங்கள். கரண்ட் இருக்கும்போது லைட்டை டிரைவரிலிருந்து பிடுங்கிச் செருகாதீர்கள், எல்இடி போய்விடும்.

கேட்டவர்:
திறந்தேன். ஸ்க்ரூ செம்பைக் கடிக்கவே இல்லை, மேலுறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. செம்பில் இரண்டு மூன்று இழைதான் தொட்டுக்கொண்டிருந்தன, அந்த இடத்தில் பிளாஸ்டிக் லேசாகப் பழுத்திருக்கிறது.

பதில் 2:
பழுத்த கனெக்டரைத் தூக்கிப்போடுங்கள். கருகிய வயர் நுனியை வெட்டிவிட்டு, நல்ல செம்பு வரும்வரை உரித்து, எல்லா இழையும் உள்ளே போகும்படி இறுக்குங்கள். ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள், வந்தால் அது இணைப்பே இல்லை. டிரைவரின் மேல் பஞ்சு இன்சுலேஷன் எதுவும் மூடியிருந்தால் விலக்கிவிடுங்கள், சூடு போக வழி வேண்டும். சுவிட்ச் பாக்ஸில் ஃபேஸ், நியூட்ரல் மாற்றும் வேலையை மட்டும் உரிமம் உள்ளவரிடம் விடுங்கள். பல நாடுகளில் சட்டமே அப்படித்தான். மெயின் பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இன்று ஒருவர் வந்து ஃபேஸைச் சுவிட்ச் வழியாக மாற்றிக் கொடுத்தார், எர்த்தையும் அளந்து பார்த்தார். ஆர்சிசிபி இல்லை, அடுத்த வாரம் போடுகிறார். டேப் இணைப்புகளை அவர் முன்னாலேயே நான் பிரித்துக் கனெக்டரில் போட்டேன், ஒவ்வொன்றையும் அவர் இழுத்துப் பார்த்தார். இப்போது அணைத்தால் அறை முழு இருட்டு.