அபார்ட்மென்டுக்கு கன்டெய்னர் பேட்டரி: 45 லட்சம் தகுமா?

வைட்ஃபீல்ட்வாசி: பெங்களூரு வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மென்டில் டீசல் ஜெனரேட்டரைத் தூக்கிவிட்டு, 20 அடி கன்டெய்னரில் பேட்டரி, இன்வெர்ட்டர், மொட்டைமாடியில் பேனல் என்று மொத்தமாக ஒரு கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. 200 யூனிட் தாங்கும் பேட்டரி, 20 கிலோவாட் சோலார், 45 லட்சம். நான் வாங்கலாம் என்ற கட்சி. லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் வருகிறது, 90 ரூபாய் டீசல் என்றால் யூனிட்டுக்கு 26 முதல் 30 ரூபாய்!

ஜென்செட் அண்ணாச்சி: கணக்கு சரிதான் தம்பி. மாதம் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள்?

வைட்ஃபீல்ட்வாசி: 12 மணி நேரம் இருக்கும். லோடு 60 கிலோவாட்.

ஜென்செட் அண்ணாச்சி: அப்போ 720 யூனிட், 20,000 ரூபாய். வருடத்துக்கு இரண்டரை லட்சம். அதை மிச்சம் பிடிக்க 45 லட்சமா? ஜெனரேட்டர் சும்மா நின்றால் டீசல் குடிக்காது, பேட்டரி சும்மா நின்றாலும் வயசாகும். அதுவும் உங்கள் லோடுக்கு மூன்று மணி நேரம்தான் தாங்கும். மே மாத மழையில் மரம் விழுந்து ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை என்றால் லிஃப்ட் எதில் ஓடும்?

வைட்ஃபீல்ட்வாசி: சோலாரை விட்டுவிட்டீர்களே. 20 கிலோவாட் நம் ஊரில் சராசரியாக நாளுக்கு 80 யூனிட் தரும். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 2 லட்சம்.

ஜென்செட் அண்ணாச்சி: அதற்கு பேட்டரி எதற்கு? மிச்ச சோலார் கரண்டை லைனுக்கு அனுப்பி பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் போதுமே.

உச்சிவெயில்: அண்ணாச்சி, அந்தப் பேச்சை நம்பித்தான் நான் ஏமாந்தேன். பேட்டரி இல்லாத சோலார் போட்டேன். நல்ல வெயிலில் கரண்ட் போனது, சோலாரும் கூடவே நின்றுவிட்டது. லைனில் ஏறி வேலை செய்பவருக்கு ஷாக் அடித்துவிடக்கூடாது என்று அந்த வகை இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடுமாம். விற்றவர் வாயே திறக்கவில்லை.

தேவனஹள்ளி சைட்: நான் கட்டட வேலையில் இருப்பவன். எங்களுக்கு இந்த கன்டெய்னர் கட்டுப்படியாகிறது, ஆனால் காரணம் வேறு. கரண்ட் கனெக்‌ஷன் வராத சைட்டில், ராத்திரி லேபர் ஷெட் விளக்கு, ஃபேன், சிசிடிவி எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவாட் தேறாது, அதற்காக ஒரு பெரிய ஜெனரேட்டர் விடிய விடிய உறுமிக்கொண்டிருக்கும். அவ்வளவு குறைந்த லோடில் டீசலும் தண்டம், இஞ்சினிலும் கரி பிடிக்கும். டீசல் திருட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். இப்போது ராத்திரிக்கு பேட்டரி, ஜெனரேட்டர் பகலில் மட்டும், கான்கிரீட் வேலைக்கும் பேட்டரியை சார்ஜ் செய்யவும். வேலை முடிந்தால் லாரியில் ஏற்றி அடுத்த சைட்டுக்குப் போய்விடலாம். தினமும் சார்ஜ் ஏறி இறங்கினால்தான் பேட்டரிக்குப் போட்ட காசு திரும்பும் சார், மாதம் 12 மணி நேரத்துக்கு அண்ணாச்சி சொல்வதுதான் சரி. இன்னொன்று, கன்டெய்னர் கூரை 15 சதுர மீட்டர்கூட இல்லை. அதன்மேல் மூன்று கிலோவாட் பேனல் போட்டாலே அதிகம், விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள்.

வைட்ஃபீல்ட்வாசி: சரி, பேட்டரியைப் பாதியாகக் குறைத்து லிஃப்ட், தண்ணீர் மோட்டாருக்கு மட்டும் கேட்டுப் பார்க்கிறேன். அப்படியானால் கன்டெய்னர்கூட வேண்டாம், பேஸ்மென்டிலேயே வைத்துவிடலாம் என்கிறார்கள்.

உச்சிவெயில்: பேஸ்மென்டிலா! 2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் எரிந்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களை வெளியேற்றினார்களே, அதுவும் கட்டடத்துக்குள் அடுக்கி வைத்ததுதான். அது நிக்கல் கலந்த பழைய ரகம், எல்எஃப்பி என்கிற லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகம் அவ்வளவு சீக்கிரம் பற்றாது என்பது உண்மைதான். அதற்காக நூறு வீட்டுக்கு அடியிலா வைப்பது? திறந்த இடத்தில் வையுங்கள்.

ஜென்செட் அண்ணாச்சி: திறந்த இடம் என்றால் விசிட்டர் பார்க்கிங்தான். இரண்டு கார் இடம் போகும். முதலில் அதற்குக் கூட்டத்தில் சம்மதம் வாங்குங்கள் தம்பி, 45 லட்சம் புரட்டுவது அதைவிட சுலபம்.