ஷேர்டு மெமரியில் இருக்கும் அர்ரேயை டெர்மினலில் பார்ப்பது எப்படி? அவசரம்

மின்மினி:
என் சி ப்ரோகிராம் ஷேர்டு மெமரியில் (பல ப்ராசஸ்கள் பகிரும் நினைவகம்) ஒரு அர்ரே (எண்களின் வரிசை) எழுதுகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று டெர்மினலிலேயே பார்க்கணும். ஷேர்டு மெமரியைப் பட்டியலிடும் ஐபிசிஎஸ் கட்டளை போட்டால் பட்டியல் காலி. கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் 'ஓடி' கட்டளை போட்டால் குப்பையாக வருகிறது. மாலைக்குள் முடிக்கணும், யாராவது சொல்லுங்களேன்.

தறி:
என்ன ஓஎஸ்? ஷேர்டு மெமரியை உருவாக்கியது எஸ்எச்எம்கெட்டா (சிஸ்டம் வி முறை), எஸ்எச்எம்_ஓபனா (போசிக்ஸ் முறை)? அர்ரே இன்ட்டா (முழு எண்), டபுளா (தசம எண்)? ஓடி கட்டளையை அப்படியே போடுங்கள்.

வடகாற்று:
எண்டியன் பிரச்சினைதான். பைட் வரிசையை மாற்றிப் பாருங்கள்.

தறி:
அதே மெஷினில் எழுதி அதே மெஷினில் படிக்கும்போது எண்டியன் எங்கிருந்து வரும்?

கர்னல்வாசி:
ஷேர்டு மெமரியில் வேரியபிள் என்று எதுவும் கிடையாது, வெறும் பைட்தான். டைப் உங்கள் கம்பைலருக்குத்தான் தெரியும். இந்த அடிப்படையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

மின்மினி:
லினக்ஸ், 64 பிட். எஸ்எச்எம்_ஓபன். ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) முதலில் இன்ட் எண்ணிக்கை, அடுத்து டபுள் அர்ரே. ஓடிக்கு -டி டி4 (4 பைட் முழு எண்களாகக் காட்டு) கொடுத்தேன். 5, 0, 0, 1072693248, 0, 1073217536 என்று போகிறது. கடைசியில் பூஜ்யம், அதன் கீழே ஒரு நட்சத்திரக் குறி.

தறி:
குப்பையே இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. 1072693248 என்பது 1.0 என்ற டபுளின் மேல் பாதி, 1073217536 என்பது 1.5-இன் மேல் பாதி. 8 பைட்டை நீங்கள் நாலு நாலாக வெட்டிப் பார்க்கிறீர்கள். ஐபிசிஎஸ் காட்டுவது சிஸ்டம் வி செக்மென்ட்களை மட்டும். உங்களுடையது போசிக்ஸ், /டெவ்/எஸ்எச்எம் உள்ளே கோப்பாக இருக்கும். அந்தக் கோப்பின் மேல் -டி எஃப்8 (8 பைட் டபுளாகக் காட்டு) -ஜே 4 (முதல் 4 பைட்டைத் தாண்டு) போடுங்கள்.

மின்மினி:
போட்டேன். முதலில் 0, அப்புறம் பத்தின் அடுக்கு மைனஸ் 315 என்று வருகிறது!

நூலேணி:
-ஜே 8. டபுள் 8-இன் மடங்கில்தான் தொடங்கும், அதனால் இன்ட்டுக்குப் பின் 4 பைட் பேடிங் (நிரப்பு இடம்). 32 பிட் எக்ஸ்86 லினக்ஸ் என்றால் தறி சொன்ன 4 சரி. 5 எண் போதும் என்றால் -என் 40 (40 பைட் மட்டும் படி). நட்சத்திரக் குறி, மேலே உள்ள வரியே திரும்ப வருகிறது என்று அர்த்தம். -வி போட்டால் விரித்துக் காட்டும்.

வடகாற்று:
இவ்வளவு கணக்கு எதற்கு? டீபக் தகவலுக்கு -ஜி போட்டுக் கம்பைல் செய்து, ஜிடிபி என்ற டீபக்கரை ஓடும் ப்ராசஸில் அட்டாச் செய்து, முதல் உறுப்புக்குப் பின்னால் @5 என்று பிரின்ட் கேளுங்கள். ப்ராசஸும் நிற்கும், மதிப்பு மாறாது.

கர்னல்வாசி:
பாதி எழுதும்போது நின்றால்? இரண்டு புது மதிப்பு, மூன்று பழையது கிடைக்கும். நிறுத்துவது, ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தொட விடும் பூட்டுக்கு ஈடாகாது.

வடகாற்று:
ஓடியில் மட்டும் அது நடக்காதா?

கர்னல்வாசி:
நடக்கும். அதற்குத்தான் செமாஃபோர் என்ற பூட்டு.

நூலேணி:
டீபக் செய்ய எட்டிப் பார்ப்பவருக்கு அது தேவையில்லை. தனித்தனி டபுள் பெரும்பாலும் உடையாது, மொத்த அர்ரேதான் ஒரே நேரத்தது என்று நம்ப முடியாது. அது தெரிந்து பார்த்தால் போதும்.

மின்மினி:
-ஜே 8-க்கு 1, 1.5, 2 வந்துவிட்டது. நன்றி நூலேணி, தறி.

கர்னல்வாசி:
எழுதும் பக்கம் பூட்டு இருக்கிறதா என்று சொல்லவில்லையே?