தீப்பிடித்த குடோன்: பழைய 8.8 போல்ட்டை அப்படியே விடலாமா?

குலசேகரம்_ரப்பர்
எங்கள் ரப்பர் ஷீட் குடோனில் போன மாதம் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்து அணைத்தார்கள். கூரை ஷீட் முழுக்கப் போய்விட்டது. தூண்களும் ராஃப்டர்களும் (கூரையைத் தாங்கும் சாய்வான இரும்பு விட்டங்கள்) நேராகத்தான் நிற்கின்றன, ஒரே ஒரு ராஃப்டர் மட்டும் லேசாகத் தொய்ந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டு மீதிக்குப் பெயின்ட் அடித்து ஷீட் போட்டுவிடலாம் என்கிறார் ஃபேப்ரிகேஷன் எடுத்தவர். ராஃப்டர் மூட்டுகளில் இருப்பவை எம்20 (20 மி.மீ. தடிமன்) எச்.டி. போல்ட், அதாவது அதிக பலமுள்ள ஹை டென்சைல் வகை; தலையில் 8.8 என்று பல கிரேடு இருக்கிறது. அவற்றையும் மாற்ற வேண்டுமா?

கோட்டாறு_ஃபேப்ரிகேட்டர்
வேண்டாம். இரும்பு 600 டிகிரிக்குள் சூடாகி மெதுவாக ஆறினால் பழைய பலம் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடும். ராஃப்டர் வளையவில்லை என்றால் அந்த அளவுக்குச் சூடு போகவில்லை என்றுதானே அர்த்தம்? ராஃப்டரே தாங்கியிருக்கிறது, அதைவிட இரண்டு மடங்கு பலமான போல்ட்டுக்கு என்ன வந்துவிடும்? கடலோரத்தில் துருப்பிடித்த நட்டை கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கித்தான் தினமும் கழற்றுகிறோம்.

தக்கலை_ஸ்ட்ரக்சுரல்
அண்ணாச்சி, ராஃப்டருக்கு நீங்கள் சொன்னது சரி. போல்ட்டுக்குப் பொருந்தாது. அந்த இரண்டு மடங்கு பலம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

ராஃப்டர் சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்), ஆலையில் உருட்டி ஆறவிட்டது. 8.8 போல்ட் அப்படி இல்லை. செஞ்சூட்டில் எடுத்து எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று குளிர்விப்பார்கள். கண்ணாடி மாதிரி நொறுங்கும் அந்த இரும்பை மறுபடி குறைந்தது 425 டிகிரியில் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் என்கிற பலம் இந்தப் பக்குவத்தில் வந்தது. தீயில் போல்ட் 425-ஐத் தாண்டிப் போனால் அந்தப் பக்குவம் மேலும் இளகிக்கொண்டே போகும். ஆறிய பிறகும் திரும்பாது. ஒரே சூட்டில் இருந்து வெளியே வந்த ராஃப்டர் பிழைத்துக்கொள்ளும், போல்ட் பிழைக்காது.

எரிந்துகொண்டிருக்கும்போதும் இதே கதைதான். ஐரோப்பிய ஸ்டீல் விதிநூலின் அட்டவணைப்படி 400 டிகிரியில் சாதாரண இரும்பின் ஈல்டு பலம் (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) அப்படியே நிற்கிறது, போல்ட்டில் 77 சதவீதம்தான் மீதி. 500-ல் இரும்புக்கு 78, போல்ட்டுக்கு 55. 600-ல் இரும்புக்கு 47, போல்ட்டுக்கு 22. ராஃப்டர் நேராக நிற்பதை வைத்து போல்ட்டுக்குச் சான்றிதழ் தர முடியாது.

ஆரல்வாய்மொழி_காற்றாலை
டார்ச் விஷயத்தில் தக்கலை சொல்வதோடுதான் நிற்பேன். காற்றாலை டவரின் துண்டுகளை இணைக்கும் ஃபிளேஞ்ச் போல்ட்டில் டார்ச் நெருப்பு பட்டால் அதோடு அந்த போல்ட் ஸ்கிராப்தான். மங்கலாகச் சிவந்து தெரிகிறது என்றாலே 500, 600 பக்கம் வந்துவிட்டது. டார்ச் வைத்துக் கழற்றுங்கள், அதே போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

கோட்டாறு_ஃபேப்ரிகேட்டர்
தம்பி, அட்டவணை சரி, அந்த மூட்டு 425-ஐத் தொட்டது என்று யார் சொன்னது? மூட்டில் எண்ட் பிளேட் (ராஃப்டர் நுனியில் வெல்ட் செய்த தட்டு), தூண் ஃபிளேஞ்ச் (தூணின் பக்கத் தகடு), போல்ட் தலை, நட் என்று இரும்பு கனமாகச் சேர்ந்திருக்கிறது. ராஃப்டரின் நடுப்பகுதியைவிட மூட்டு மெதுவாகத்தான் சூடாகும். கிரேன் வாடகை, ஆள் கூலி எல்லாம் சேர்த்துப் பாருங்கள். எரிந்த சரக்கின் நஷ்டத்தில் இருக்கிறவர் அவர்.

தக்கலை_ஸ்ட்ரக்சுரல்
நல்ல கேள்வி. மூட்டு சூடு குறைவாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் எரிந்தது ரப்பர். சோதனைக்கூடங்களில் தீ சோதனைக்கு வைத்திருக்கும் நிலையான நேரம்-சூடு வரைகோட்டிலேயே 30 நிமிடத்தில் காற்றின் சூடு 842 டிகிரி. ஷீட் போகிற அளவுக்கு எரிந்த குடோனில், பூச்சு எதுவும் இல்லாத மூட்டு 425-க்குக் கீழேயே இருந்தது என்று நம்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்களே போய்ப் பார்த்துக் கணக்குப் போடலாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், கிட்டத்தட்ட போல்ட்டின் எல்லையும் அதுதான். மூட்டுக்குப் பக்கத்தில் கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) பொருள் ஏதாவது இருந்தால் அதன் பூச்சு உருகி ஓடியிருக்கிறதா? அலுமினிய ஜன்னல் சட்டம் உருகியிருந்தால் அந்த இடம் 600-ஐத் தாண்டியிருக்கிறது.

இன்னொன்று, குலசேகரம் நண்பர் தண்ணீர் அடித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். நன்றாகச் சிவந்திருந்த போல்ட்டில் அந்தத் தண்ணீர் பட்டிருந்தால் அது திரும்பவும் கடினமாகி, பதப்படுத்தாமலே நிற்கும். இளகிய போல்ட் இழுபட்டுத் தெரியும். இது சொல்லாமல் ஒடியும்.

கோட்டாறு_ஃபேப்ரிகேட்டர்
அப்படியானால் ஹார்ட்னஸ் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறிவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

தக்கலை_ஸ்ட்ரக்சுரல்
பார்க்கலாம், லேபில் பார்க்க வேண்டும். கையில் வைத்துத் தட்டிப் பார்க்கும் கருவி இவ்வளவு சின்ன பொருளில் நம்பும்படி காட்டாது. மூட்டுக்கு ஒன்றிரண்டு போல்ட் கழற்றி, அறுத்து, விக்கர்ஸ் (கடினத்தன்மை அளவு) பார்க்கச் சொல்லுங்கள். எம்20 8.8-க்கு 255 முதல் 335 வரை இருக்க வேண்டும். குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. ஆனால் எந்த போல்ட் எவ்வளவு சூடானது என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும், பார்க்காத போல்ட்டுக்கு அந்த ரிசல்ட் பேசாது. சோதனைக்கு ஆகும் செலவைப் புது போல்ட்டில் போடுவதே மேல்.

ஆறும்போது நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூட்டில் நீண்டு, இடமில்லாமல் அமுங்கிக் குறுகிய ராஃப்டர், ஆறும்போது மூட்டைத் தன் பக்கம் இழுக்கும். இங்கிலாந்தில் கார்டிங்டனில் 1990களில் எட்டு மாடிக் கட்டடத்தை உள்ளே எரித்துப் பார்த்தபோது சில எண்ட் பிளேட்டுகள் கிழிந்தது ஆறும் நேரத்தில்தான். அதனால் பிளேட் ஓரத்து வெல்டையும் பாருங்கள்.

கோட்டாறு_ஃபேப்ரிகேட்டர்
ராஃப்டர் மூட்டுக்கு மாற்றட்டும், அங்கே நான் வாதம் செய்யவில்லை. பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ராஃப்டரோடு சேரும் கிளீட்டில் இருப்பது 4.6 போல்ட், பலம் குறைந்த சாதாரண கிரேடு. அதையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தக்கலை_ஸ்ட்ரக்சுரல்
4.6-க்கு அந்தப் பக்குவமே கிடையாது, ராஃப்டர் மாதிரி தேறிவிடும். மரை இழுபடாமல் இருந்தால் விடலாம். எப்படியும் ஷீட்டுக்காகப் பர்லினைக் கழற்றப் போகிறார்கள் என்றால் மாற்றிவிடச் சொல்வேன், அது என் விருப்பம்.

குலசேகரம் நண்பருக்கு: போல்ட் மாற்றும்போது மொத்தத்தையும் கழற்றாதீர்கள். ராஃப்டருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றைக் கழற்றி அங்கே புது போல்ட், புது நட், புது வாஷர் போட்டு இறுக்கிய பிறகு அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள். பெயின்ட் அதற்கு அப்புறம்.