கழிவுநீர் வடிகட்டித் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் – அவசர உதவி தேவை

வெலிமடைத் தோட்டம்:
வீட்டுக் கழிவுநீரை வடிகட்டி லீக்ஸ் பாத்திக்கு விடக் கொல்லையில் தொட்டி கட்டினேன். கரி, மணல், சல்லி எல்லாம் போட்டாயிற்று. மூன்று வாரம் நன்றாக ஓடியது. இப்போது நாற்றம் தாங்க முடியவில்லை. கறுப்புத் தண்ணீர் மேலே தேங்கி நிற்கிறது. ஊற்றுத் தண்ணீர் வரும் பீலியும் வற்றிவிட்டது. என்ன செய்வது?

ஹட்டன் குழாய்வேலை:
தம்பி, வீட்டில் எத்தனை பேர்? மலசலகூடத் தண்ணீரும் வருகிறதா? தொட்டி எத்தனை அடி?

மலைமுகில்:
கரி பழசாகியிருக்கும். சிரட்டைக்கரி போடுங்கள், சரியாகிவிடும்.

பச்சைக்கொழுந்து:
பிளீச்சிங் தூள் ஒரு பிடி போடுங்கள். நாற்றம் அன்றைக்கே அடங்கும்.

நீரியல்:
இதற்கு எத்தனை தடவை பதில் எழுதிவிட்டேன். கட்டுவதற்கு முன் கொஞ்சம் படித்திருக்கலாம். காற்றுப் போகாத சேற்றில் ஒருவகைப் பற்றீரியா சல்பேட்டை ஐதரசன் சல்பைட்டாக மாற்றும். முட்டை நாற்றம் அதுதான். இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பிளீச்சிங் தூளை அழுக்கே தின்றுவிடும். மிஞ்சியது நல்ல பற்றீரியாவைக் கொல்லும்.

பச்சைக்கொழுந்து:
குடிநீருக்குக் குளோரீன் போடுகிறார்களே?

நீரியல்:
தண்ணீர் தெளிந்த பிறகு, கடைசியில் போடுகிறார்கள். வரிசையைக் கவனியுங்கள்.

மலைமுகில்:
எப்படிச் சுத்தம் செய்தாலும் சாக்கடை சாக்கடைதான். அதில் விளைந்ததை என் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டேன்.

லயத்துப் பிள்ளை:
நமீபியாவின் விண்டூக் நகரில் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கவே கொடுக்கிறார்கள். சிங்கப்பூரின் நியூவாட்டர் 2003இல் வந்தது: நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல் (நுண்ணிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்திச் செலுத்துவது), புறஊதாக் கதிர் என மூன்று படி.

மலைமுகில்:
அங்கே தண்ணீர்ப் பஞ்சம். நமக்கு மலையெல்லாம் ஊற்று.

லயத்துப் பிள்ளை:
ஆகஸ்டில் எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு வந்து பாருங்கள் அண்ணா. விடியற்காலை நான்கு மணிக்கே பீலியடியில் குடங்கள் வரிசையாக நிற்கும். ஒரு குடம் நிறைவதற்குள் அம்மாவின் விரல்கள் குளிரில் விறைத்துவிடும்.

ஹட்டன் குழாய்வேலை:
அது இருக்கட்டும். தம்பி எங்கே?

வெலிமடைத் தோட்டம்:
மன்னிக்கவும், வேலைக்குப் போயிருந்தேன். ஐந்து பேர். மலசலகூடத்துக்குத் தனிக் குழி. தொட்டி ஆறடிக்கு மூன்றடி. குளியல் தண்ணீரும் சட்டிபானை கழுவும் தண்ணீரும் வருகின்றன. அம்மா அடுப்புச் சாம்பல் போட்டுத்தான் தேய்ப்பார்.

ஹட்டன் குழாய்வேலை:
விஷயமே அதுதான்! சாம்பலும் பருக்கையும் எண்ணெயும் மணலை அடைத்துவிட்டன. மேல் மணலை ஒரு பிடி எடுத்துப் பிசையுங்கள். கறுப்புக் களிபோல் விரலில் ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். மணலை முழுக்க எடுத்துவிட்டுக் கழுவிய சல்லி போடுங்கள். தொட்டிக்கு முன்னால் ஒரு பீப்பாய் வையுங்கள்: சாம்பல் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். பீப்பாயின் வெளிக்குழாய் வாயை உள்ளே எல்போ (வளைவு இணைப்பு) போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால் நடுத் தண்ணீர் மட்டும் போகும். தொட்டி நீர்மட்டம் சல்லியின் மேல்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கட்டும். கல்வாழை நடுங்கள். பீப்பாயை அடிக்கடி திறந்து வழித்துவிட வேண்டும், மறக்காதீர்கள்.

நீரியல்:
சரியான பதில். தண்ணீரை வேரடியில் மட்டும் விடுங்கள், இலையில் படவேண்டாம். பச்சையாகத் தின்னும் சலாது இலைக்கு வேண்டவே வேண்டாம். அந்த மலைக்குளிரில் பற்றீரியா மெதுவாகத்தான் பெருகும், உடனே தெளியாது.

வெலிமடைத் தோட்டம்:
மணல் களியாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டேன், பீப்பாயும் வைத்தாயிற்று. நாற்றம் பாதி குறைந்திருக்கிறது. கல்வாழைக் கிழங்கு தேடிக்கொண்டிருக்கிறேன். நன்றி அண்ணா.